புரொபேஷன்ல இருக்கற தம்பிக்கு பாலிகிராஃப் டெஸ்ட், அவன் சொல்றது எங்கெல்லாம் போகும்?

சாரல்மழை

வணக்கம். ரொம்ப நாளா படிக்கறதோட சரி, இன்னிக்குத்தான் எழுதறேன். யார்கிட்டயும் வாய் விட்டு கேக்க முடியாத விஷயம், அதனால பேரு ஊரு எதுவும் சொல்லல, மன்னிச்சிக்கோங்க.

என் தம்பி அமெரிக்காவுல மேற்குப் பக்கம் ஒரு மாநிலத்துல இருக்கான், கிரீன் கார்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல 15 வயசு பொண்ணுகிட்ட பேசக்கூடாதத பேசி மாட்டினான். அவன் செஞ்சது தப்பு, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, நியாயப்படுத்த நான் வரல. கோர்ட்ல ஒத்துக்கிட்டான், கொஞ்ச நாள் கவுண்டி ஜெயில், அப்புறம் 5 வருஷம் புரொபேஷன், அதாவது ஜெயிலுக்கு வெளிய ஒரு ஆபீசர் கண்காணிப்புல நிபந்தனையோட இருக்கறது. வாரா வாரம் குரூப் தெரபி, போன் லேப்டாப் எல்லாத்துலயும் கண்காணிப்பு சாஃப்ட்வேர், இதெல்லாம் ஒழுங்கா போயிட்டிருக்கு, ஒரு வாரம் கூட தவற விட்டதில்ல.

அடுத்த மாசம் அவனுக்கு செக்சுவல் ஹிஸ்டரி பாலிகிராஃப் வெச்சிருக்காங்க, அதாவது பாலியல் விஷயத்துல பழசெல்லாம் கேக்கற பொய் கண்டுபிடிக்கற மெஷின் டெஸ்ட். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கேள்வித்தாள் குடுத்திருக்காங்க, சின்ன வயசுலேர்ந்து நடந்தது எல்லாம் எழுதணுமாம், யார், என்ன வயசு, எங்க, எத்தன தடவன்னு. எழுதினது உண்மையான்னு மெஷின்ல உக்கார வெச்சு கேப்பாங்க. தெரபி சேர்ந்த அன்னிக்கு பதினஞ்சு பக்கம் நீட்டியிருக்காங்க, இவன் படிக்காமலே கையெழுத்து போட்டிருக்கான். அதுல ஒரு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினான், தெரபிஸ்ட், புரொபேஷன் ஆபீசர், பாலிகிராஃப் எக்சாமினர் மூணு பேரும் எல்லாத் தகவலையும் பகிர்ந்துக்கலாம், சட்டவிரோதமா எது தெரிய வந்தாலும் அதிகாரிங்ககிட்ட சொல்லலாம், அதுக்கு நான் ஆட்சேபிக்க மாட்டேன்னு இருக்கு.

நேத்து ராத்திரி போன் பண்ணி "அக்கா, காலேஜ் படிக்கறப்ப நடந்த ஒண்ண அதுல எழுதணுமா வேணாமான்னு தெரியல"ன்னு ஆரம்பிச்சான். நான் "நிறுத்து, எங்கிட்ட சொல்லாத"ன்னு சொல்லி போன வெச்சிட்டேன். அதுலேர்ந்து தூக்கமே இல்ல, அக்காவா நான் கேட்டிருக்கணுமோ, கேக்காம விட்டது சரிதானோன்னு மனசு அடிச்சிக்குது.

டெஸ்ட்ல சொல்றது போலீசுக்கு போகுமா? வேணாம்னு மறுத்தா புரொபேஷன ரத்து பண்ணிடுவாங்களா? இன்னொண்ணு, அவன் அங்க தனியா கஷ்டப்படறான்னு எங்க வீட்டுக்கே, அதாவது வேற மாநிலத்துக்கு, மாத்திக்கலாமான்னு யோசிக்கறோம், எனக்கு 7 வயசுல பொண்ணு இருக்கா. அந்த ரெக்கார்டெல்லாம் இங்கயும் வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேசைவிளக்கு

சகோதரி, நான் வக்கீல் இல்ல, ஒரு பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸ்ல (வசதியில்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற வக்கீல் ஆபீஸ்) பேராலீகலா, அதாவது வக்கீலுக்கு உதவியாளரா, 11 வருஷமா வேல பாக்கறேன், இந்த மாதிரி கேஸ் நெறைய கடந்து போயிருக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல, நீங்க போன வெச்சது நல்ல காரியம். வக்கீல்கிட்ட பேசறதுக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு, அக்கா தம்பி பேச்சுக்கு கெடையாது. நாளைக்கு உங்கள சாட்சிக்கு கூப்ட்டா கேட்டத சொல்லித்தான் ஆகணும். அதனால குத்த உணர்ச்சி வேணாம், அவன் பேச வேண்டிய ஆள் அவனோட வக்கீல்.

இப்ப மெஷின் விஷயம். மெஷின் வரையற கோட்ட வெச்சு புதுசா கேஸ் போட்டு தண்டிக்கறது கிட்டத்தட்ட நடக்காது, 1923ல ஃப்ரை கேஸ்ல வாஷிங்டன் டிசி கோர்ட்டு இத மாதிரி ஒரு டெஸ்ட்ட ஏத்துக்க முடியாதுன்னு சொன்னதுலேர்ந்து பெரும்பாலான கோர்ட்டுங்க அந்த ரிசல்ட்ட சாட்சியா எடுத்துக்கறதில்ல. ஆனா டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பேசுவாங்க பாருங்க, முடிஞ்சப்புறம் "இந்தக் கேள்விக்கு ஏதோ காட்டுதே, என்ன விஷயம்"னு கேப்பாங்க பாருங்க, அப்ப அவன் வாயால சொல்றது வாக்குமூலம். கேள்வித்தாள்ல கையால எழுதறதும் அப்படித்தான். அதுக்கு மெஷின் நம்பகமா இல்லையாங்கற பேச்சே வராது.

இதுக்கு 1984ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒண்ணு இருக்கு, மினசோட்டா எதிர் மர்ஃபி. அந்த ஆளுக்கு ஒரு கேஸ்ல புரொபேஷன், தெரபி போகணும், ஆபீசர்கிட்ட எல்லா விஷயத்துலயும் உண்மை பேசணும்னு நிபந்தனை. தெரபில கவுன்சிலர்கிட்ட 1974ல ஒரு பொண்ண கெடுத்து கொன்னத சொல்லிட்டார். கவுன்சிலர் அத புரொபேஷன் ஆபீசருக்கு சொல்ல, ஆபீசர் கூப்பிட்டு கேக்க, அவர் அங்கயும் ஒத்துக்க, ஆபீசர் போலீசுக்கு சொல்ல, கொலக் கேஸ் ஆயிடுச்சு. பாலிகிராஃபே இல்ல பாருங்க அதுல, ஒருத்தர்கிட்ட சொன்னது கை மாறி கை மாறி போனதுதான். கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, "பதில் சொல்ல மாட்டேன், எனக்கு எதிரா நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லங்கற அஞ்சாவது திருத்த உரிமை இருக்கு"ன்னு அவர் வாய தெறந்து கேக்கல, கேக்காததால அந்த வாக்குமூலம் செல்லும்னு. அதே தீர்ப்புலயே, உரிமைய கேட்டா புரொபேஷன் ரத்துன்னு அரசாங்கம் நேராவோ மறைமுகமாவோ மெரட்டியிருந்தா கத வேறன்னும் எழுதியிருக்காங்க. அந்த ஒரு வரிய பிடிச்சிக்கிட்டுத்தான் அப்புறம் வந்த கேஸெல்லாம் நின்னுச்சு.

2005ல ஒன்பதாவது சர்க்யூட் ஆண்டிலோப் கேஸ், மொன்டானாவுல (சர்க்யூட்னா ஃபெடரல் அப்பீல் கோர்ட்டு). பழசெல்லாம் சொல்லி பாலிகிராஃப் எடுன்னாங்க, இம்யூனிட்டி, அதாவது சொல்றத வெச்சு கேஸ் நடத்த மாட்டோங்கற உறுதி, குடுக்காம சொல்ல மாட்டேன்னு நின்னார், ரத்து பண்ணி உள்ள போட்டாங்க, அது அஞ்சாவது திருத்தத்துக்கு விரோதம்னு தீர்ப்பு வந்துச்சு. 2016ல பத்தாவது சர்க்யூட் வான் பெஹ்ரன் கேஸ், கொலராடோவுலேர்ந்து, அதுல உங்க தம்பி கையெழுத்து போட்ட மாதிரியே ஒரு ஒப்பந்தம், ஹிஸ்டரி கேள்விங்களுக்கு பதில் சொல்லலன்னா தெரபிலேர்ந்து வெளிய, தெரபிய விட்டு வெளிய போயிட்டா சூப்பர்விஷன், அதாவது ஜெயிலுக்கு வெளிய கண்காணிப்புல இருக்கறது, ரத்தாகும்னு நெருக்கினாங்க, அதுவும் கட்டாயப்படுத்தறதுதான்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா 2002ல சுப்ரீம் கோர்ட்டு மெக்யூன் எதிர் லைல்ல ஜெயில்ல இருக்கறவங்களுக்கு 5க்கு 4ன்னு வேற மாதிரி போச்சு, சலுகைய கொறைக்கறது மட்டும் கட்டாயம் ஆகாதுன்னுட்டாங்க. அதனால "எனக்கு உரிமை இருக்கு"ன்னு தம்பி தனியா போய் மறுத்தா மாட்டிப்பான். எந்தக் கேள்விக்கு, எப்படி, எந்த வார்த்தைல மறுக்கணுங்கறத வக்கீல் எழுத்துல தரணும்.

கலிஃபோர்னியாவா இருந்தா 2017ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு கார்சியா கேஸ்ல தெளிவா சொல்லிருக்கு: பதில் சொல்லித்தான் ஆகணும், ஆனா கட்டாயத்துல சொன்னத வெச்சு கிரிமினல் கேஸ் நடத்த முடியாது, தெரபி ரகசியத்த விட்டுக் குடுத்ததும் அந்த மூணு பேருக்குள்ள பேசிக்கற அளவுக்குத்தான். வேற மாநிலம்னா வேற மாதிரி இருக்கும். நீங்க மாநிலம் சொல்ல வேணாம், ஆனா வக்கீல்கிட்ட மொத கேள்வி இதுவா இருக்கட்டும்: எங்க மாநிலத்துல இந்தப் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கா, இல்ல நாம பிராசிக்யூட்டர்கிட்ட (கேஸ் நடத்தற அரசு வக்கீல்) எழுத்துல இம்யூனிட்டி வாங்கணுமா? 1972ல வந்த காஸ்டிகர் தீர்ப்புப்படி, சொன்னதையும் பயன்படுத்தக்கூடாது, அதுலேர்ந்து துப்பு பிடிச்சு கண்டுபிடிச்சதையும் பயன்படுத்தக்கூடாது, அந்த அளவுக்கு இருந்தாத்தான் அது இம்யூனிட்டி. ஆபீசர் வாயால "ஒண்ணும் ஆகாது, தைரியமா சொல்லு"ன்னா அது கணக்குல வராது, அவங்க நல்ல மனுஷங்களா இருந்தாலும் சரி.

கடைசியா கிரீன் கார்டு. இமிக்ரேஷன் சட்டத்துல சில குத்தங்களுக்கு தண்டனை வரலன்னா கூட, செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாலே உள்ள விட மாட்டேன்னு சொல்ல எடம் இருக்கு. ஏற்கனவே இருக்கற தண்டனையே அவனுக்கு பெரிய சிக்கல், அதனால இமிக்ரேஷன் வக்கீல பாக்காம ஊருக்கு வர்றேன்னு ஃப்ளைட் ஏறிடாதீங்க.

நீலவானம்

இவ்ளோ பயப்படணுமா? கோர்ட்லயே ஒத்துக்காத மெஷின். மூச்ச ஒரே சீரா வெச்சிக்கிட்டா ஒண்ணும் காட்டாதுன்னு வீடியோவே நெறைய கெடக்கு. தேடிப் பாருங்க.

பூவரசு

நீலவானம், தயவு செஞ்சு இந்த மாதிரி சொல்லாதீங்க. என் வீட்டுக்காரர் இதே சூழ்நிலைல 4 வருஷம் இருந்தார், நாலு வருஷமும் கூடவே நடந்தவ நான். அவர் குரூப்ல ஒருத்தர் இப்படி ஏதோ பாத்துட்டு போய் மூச்ச இழுத்து இழுத்து விட்டிருக்கார், எக்சாமினருக்கு அது அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு, ரிப்போர்ட்ல "ஒத்துழைக்கல"ன்னு எழுதிட்டாங்க. தேடின வரலாறும் போன் கண்காணிப்புல மாட்டிக்கிச்சு. கடைசில டெஸ்ட்ல தோத்ததுக்காக இல்ல, ஏமாத்தப் பாத்ததுக்காக தெரபிலேர்ந்து வெளிய அனுப்பி, வாரண்ட் வந்து, கண்ணால பாத்தோம்.

அக்கா, உங்க தம்பிக்கு அந்த ரூம்ல என்ன நடக்கும்னு சொல்றேன், தெரிஞ்சா பாதி பயம் போகும். நெஞ்சுலயும் வயித்துலயும் ரப்பர் ட்யூப் மாதிரி ரெண்டு கட்டுவாங்க, மூச்சுக்கு. விரல்ல ரெண்டு தகடு, வேர்வைக்கு. கைல பிபி பாக்கற பட்டி, அது இறுக்கிக்கிட்டே இருக்கறதுதான் வலிக்கும்னு சொல்வார். உக்கார்ற சீட்லயும் ஒரு பேட், அசைஞ்சா தெரியும். திடீர்னு கேள்வி எதுவும் வராது, கேக்கப் போற ஒவ்வொரு கேள்வியையும் முன்னாடியே படிச்சுக் காட்டி இதுக்கு ஆமாவா இல்லையான்னு பேசி முடிச்சப்புறம்தான் ஒயர மாட்டுவாங்க. மெஷின்ல இருக்கற நேரம் கொஞ்சம்தான், மத்ததெல்லாம் பேச்சு. எங்களுக்கு காலைல போனா மத்தியானம் ஆயிடும். காசும் எங்க கைலேர்ந்துதான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, பல எடத்துல அப்படித்தான்னு சொன்னாங்க, முடியலன்னா கொறைக்கச் சொல்லி கேக்கலாம், நாங்க கேக்கத் தெரியாம முழுசா கட்டினோம்.

மாத்திரை எது சாப்ட்டாலும் மொதல்லயே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. முந்தின ராத்திரி தூங்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரருக்கு ரெண்டாவது டெஸ்ட்ல முடிவு சொல்ல முடியலன்னு வந்துச்சு, ஒண்ணும் மறைக்கல, அதுக்கு முந்தின வாரம்தான் அவங்க அப்பா தவறினார், போகக் கூட அனுமதி கெடைக்கல. மறுபடி எடுக்க வெச்சாங்க, சரியாச்சு. ஆனா அந்த ரெண்டு மாசம் வாழ்ந்தது எங்களுக்குத்தான் தெரியும், ஆபீசர் வீட்டுக்கு வர்றது ஜாஸ்தி, பக்கத்து ஊருக்கு போகக் கூட கேட்டுட்டுத்தான் போகணும். தோத்தா உள்ள போட மாட்டாங்கன்னு சொல்றாங்களே, அது சரிதான், ஆனா வெளிய இருக்கறதே இறுகிப் போகும், அதையும் எதிர்பாத்துக்கோங்க.

அலைவரிசை

பூவரசு அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், நான் சைக்காலஜி படிச்சவன். மெஷின் பொய்ய அளக்கல, உடம்புல நடக்கற பதட்டத்த அளக்குது. பயத்துலயும் வெக்கத்துலயும் கோவத்துலயும் அதே வேர்வைதான் வரும். 2003ல அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு பெரிய ஆய்வறிக்கை ஒண்ணு போட்டுச்சு, ஒரு குறிப்பிட்ட சம்பவத்த பத்தி கேட்டா சும்மா குருட்டுவாக்குல சொல்றதவிட நல்லாவே கண்டுபிடிக்குது, ஆனா முழுசா நம்பற அளவுக்கு கெடையாதுன்னு. பொத்தாம் பொதுவா சலிக்கறதுக்கு இன்னும் மோசம். அதுல ஒரு கணக்கு: 10,000 பேர்ல 10 பேர் உளவாளின்னு வெச்சிக்கோங்க, அந்த 10ல 8 பேர பிடிக்கற மாதிரி மெஷின வெச்சா கூடவே ஒரு தப்பும் பண்ணாத கிட்டத்தட்ட 1,600 பேர் மாட்டுவாங்க. செக்சுவல் ஹிஸ்டரி டெஸ்ட்டும் வாழ்க்க முழுக்க சலிக்கறதுதான். உங்க தம்பி உண்மை சொல்லியும் சரியா வரலன்னா அதுக்காக இடிஞ்சு போயிட வேணாம், இத அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வையுங்க. தோத்துட்டேன்னு பதறி, நடக்காதத கூட நடந்துச்சுன்னு சொல்லிட்டு வர்றவங்க இருக்காங்க.

தேம்ஸ்கரை

தங்கச்சி, நான் இங்கிலாந்தில இருக்கிறன், புரொபேஷன் சார்ந்த ஒரு வேலையில கொஞ்சக் காலம் இருந்தனான். உங்கட தம்பிக்கு இஞ்சத்தைய சட்டம் உதவாது எண்டு தெரியும், எண்டாலும் ஒரு நாடு இதை எப்பிடி எழுதி வைக்கலாம் எண்டு காட்டத்தான் சொல்லுறன்.

இஞ்ச 2007ம் ஆண்டுச் சட்டத்திலயே பாலிகிராஃப் நிபந்தனை இருக்கு, மிட்லாண்ட்ஸ் பக்கம் சோதிச்சுப் பாத்திட்டு 2014ல இருந்து கடும் ஆபத்துள்ள பாலியல் குற்றவாளிகள் சிறையால லைசென்ஸில, அதாவது நிபந்தனையோட விடுதலையாகி, வரேக்க கட்டாயமாக்கினவை, 2021ல பயங்கரவாதக் குற்றத்துக்கும் நீட்டிச்சவை. அதே சட்டத்தில, டெஸ்ட்டில அந்த ஆள் சொன்ன வார்த்தையையும் உடம்பு காட்டினதையும் அவருக்கு எதிரா குற்ற வழக்கில சாட்சியாக் குடுக்கேலாது எண்டு பச்சையா எழுதிக் கிடக்கு. ஃபெயில் எண்டதுக்காக மட்டும் திரும்பிச் சிறைக்கு அனுப்பவும் ஏலாது. ஆனா லைசென்ஸ் மீறினதை வாயால சொன்னா, அல்லது டெஸ்ட்டை ஏமாத்தப் பாத்தா, அனுப்பலாம். பொலிசும் சிறையும் புரொபேஷனும் ஒண்டாயிருந்து தகவல் பகிர எண்டு தனி ஏற்பாடு இருக்கு, அதால பொலிசுக்குத் தெரியாம இராது, பொலிஸ் அதை வைச்சு வேற வழியில விசாரிக்கலாம்.

நான் கண்டது என்னெண்டா, எங்க வரைக்கும் போகும் எண்டு முதலே தெளிவாச் சொல்லி விட்டா ஆக்கள் கனக்கக் கதைப்பினம். சொல்லாம விட்டா வாயைப் பூட்டிப்போடுவினம், இல்லாட்டி அறியாமச் சொல்லிப்போட்டு ஏமாத்திப்போட்டியள் எண்டு நிப்பினம். பதினைஞ்சு பக்கத்தைக் குடுத்து ஒரே நாளில கையெழுத்து வாங்கினது எனக்கு நெஞ்சுக்குள்ள குத்துது. அதைத் திருப்பி வாசிச்சு, விளங்காத பக்கத்துக்கு விளக்கம் கேக்க அவருக்கு உரிமை இருக்கு.

வேப்பமரத்தடி

நான் எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சின்ன வயசுல எனக்கு நடந்திருக்கு. இப்ப பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவற ஒரு எடத்துல தன்னார்வலரா இருக்கேன்.

சாரல்மழை, உங்க மேல எனக்கு கோவம் இல்ல. "அவன் செஞ்சது தப்பு"ன்னு எழுதினீங்க பாருங்க, என் வீட்ல அந்த வார்த்தைய ஒருத்தரும் சொல்லல. ஆனா மேல எல்லாரும் தம்பிய எப்படி காப்பாத்தறதுன்னு பேசறப்ப எனக்கு ஒண்ணு மட்டும் நெஞ்ச அடைக்குது. காலேஜ்ல நடந்த ஒண்ணுன்னா, அதுல இன்னொரு ஆள் இருக்கலாம். எனக்கு நடந்தத செஞ்சவர் இன்னி வரைக்கும் எங்கயும் சொன்னதில்ல, சொல்லியிருந்தா எனக்கப்புறம் வந்தவங்களுக்கு நடக்காம போயிருக்கும்னு நான் நெனைக்காத நாள் இல்ல. இந்த டெஸ்ட் வர ஆரம்பிச்ச காரணமே அதுதான், பிடிபட்ட ஒரு விஷயத்த மட்டும் வெச்சு ஒருத்தருக்கு சிகிச்சை குடுக்க முடியாது. அதனால வக்கீல்கிட்ட போறது "எப்படி சொல்லாம இருக்கறது"ன்னு கேக்கறதுக்காக இருக்க வேணாம், "உண்மைய சொல்றதுக்கு எது பாதுகாப்பான வழி"ன்னு கேக்கறதுக்காக இருக்கட்டும். மேசைவிளக்கு சொன்ன இம்யூனிட்டி எனக்கும் சம்மதம், பாதிக்கப்பட்ட எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா உண்மை ஒரு தெரபிஸ்ட் கைலயாவது இருக்கறது இருட்டுல கெடக்கறதவிட மேல். கொழந்தைங்க சம்பந்தப்பட்டதுன்னா, யாருன்னு தெரிஞ்சா பொதுவா தெரபிஸ்ட் சட்டப்படி புகார் குடுக்க வேண்டியிருக்கும், அதையும் தெரிஞ்சிக்கோங்க.

அப்புறம் உங்க பொண்ணு. 7 வயசு. உங்க தம்பிக்கு 18க்கு கீழ இருக்கறவங்களோட இருக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கான்னு நீங்க எழுதவே இல்ல. இருக்கும்னுதான் நெனைக்கறேன். அவன் நல்லவனா மாறியிருக்கலாம், நான் மறுக்கல. ஆனா அவள அந்தக் கேள்விக்கு பதிலா வைக்காதீங்க. பாசத்துல எடுக்கற முடிவு, எனக்கு புரியுது. இருந்தாலும் வேணாம்.

சாரல்மழை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வேப்பமரத்தடி, உங்க பதில நாலு தடவ படிச்சேன், படிக்கறப்ப அழுதேன், நீங்க எழுதினதுக்கு எவ்ளோ ஆயிருக்கும்னு புரியுது. ஆமா, நிபந்தனை இருக்கு, நான் அத எழுதல, ஏன் எழுதலன்னு யோசிச்சா அத பாக்கவே எனக்கு மனசு வரல. சொந்த மாமாதானேன்னு ஒரு எண்ணம். என் வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி பேசினேன், எங்க வீட்டுக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். எங்க ஊர்லயே தனியா ஒரு அப்பார்ட்மெண்ட் பாத்தா நான் போய் வந்து பாத்துக்க முடியும், பொண்ண கூட்டிட்டு போகாம. அப்பயும் மாத்தறதுக்கு என்ன நடைமுறைன்னு மேசைவிளக்கு சொல்ல முடியுமா?

மேசைவிளக்கு

சொல்றேன் சகோதரி. மாநிலங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு, இன்டர்ஸ்டேட் காம்பாக்ட்னு, 50 மாநிலமும் அதுல இருக்கு. நெனைச்சா பெட்டிய கட்டிட்டு கெளம்ப முடியாது, அவனோட கேஸ் மாதிரி கேஸ்ல அந்த மாநிலம் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி எல்லை தாண்டினாலே அது மீறல். இப்ப இருக்கற ஆபீசர் மூலமா விண்ணப்பம் போகும், உங்க மாநிலத்து ஆபீசர் வந்து தங்கப் போற எடத்த பாப்பாங்க, யார் யார் இருக்காங்க, பக்கத்துல ஸ்கூல் இருக்கான்னு, அதுக்கு 45 நாள் வரைக்கும் அவங்களுக்கு டைம். அங்க நெருங்கின சொந்தம் இருக்கறது, வேலையோ வருமானமோ இருக்கறது ரெண்டும் அவனுக்கு சாதகம்.

ரெக்கார்டு கூடவே வரும், ஒளிக்க முடியாது. தண்டனை விவரம், தெரபி மதிப்பீடு, ரிஸ்க் மதிப்பீடு, இதுவரைக்கும் எப்படி நடந்துக்கிட்டான், எல்லாம். வாங்கிக்கற மாநிலம் தன்னோட நிபந்தனைய கூடுதலா போடலாம், அங்கயும் பாலிகிராஃப் பழக்கத்துல இருந்தா திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. விண்ணப்பத்துல இன்னொரு கையெழுத்து இருக்கும், பழைய மாநிலம் திரும்ப கூப்ட்டா, ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துகிட்ட ஆள ஒப்படைக்கறதுக்கான விசாரணை எதுவும் கேக்காம வந்துடுவேன்னு. இத நாங்க படிச்சிட்டு போடச் சொல்லுவோம். பாலியல் குற்றவாளிங்க பேர பதியற ரிஜிஸ்ட்ரி தனி, எடம் மாறினா 3 வேல நாளுக்குள்ள பதியணுங்கறது ஃபெடரல் சட்டம், மறந்துட்டேன்னா அதுவே புது குத்தம்.

இதுல ஒரு விஷயம் மட்டும் அழுத்தி சொல்றேன். இப்ப இருக்கற மாநிலத்துல கெடைக்கற பாதுகாப்பு, உதாரணத்துக்கு சொன்னது கேஸுக்கு போகாதுங்கறது, அடுத்த மாநிலத்த எந்த அளவுக்கு கட்டுப்படுத்தும்னு வக்கீல்கிட்ட தனியா கேளுங்க. காலேஜ் நடந்தது எந்த மாநிலத்துல, அங்கத்த பிராசிக்யூட்டர் வேற ஆள். இம்யூனிட்டி வாங்கறதா இருந்தா அதையும் சேத்து யோசிச்சுத்தான் வாங்கணும். மாத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட்ட முடிக்கறதா, மாத்தினப்புறம் எடுக்கறதாங்கறதும் அத பொறுத்துத்தான்.

தெரபி ரெக்கார்டுல குடி, போதை சம்பந்தமான சிகிச்சை இருந்தா அதுக்கு ஃபெடரல்ல தனி ரகசியச் சட்டம் இருக்கு, பொதுவான மெடிக்கல் ரகசியச் சட்டத்தவிட அது இறுக்கம். அதுக்கு எழுத்துல ஒப்புதல் வேணும், என்ன, யாருக்கு, எதுக்கு, எது வரைக்கும்னு அதுல இருக்கணும். அவனோட பதினஞ்சு பக்கத்துல அது இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

பூவரசு

அக்கா, அந்தக் கேள்வித்தாள வக்கீல் பாக்கற வரைக்கும் அவன எதுவும் எழுத வேணாம்னு சொல்லுங்க, பென்சில்ல கூட. ஆபீசர்கிட்ட "வக்கீல பாத்துட்டு தர்றேன், டைம் குடுங்க"ன்னு மரியாதையா ஈமெயில்ல கேக்கச் சொல்லுங்க, போன்ல வேணாம், எழுத்துல இருக்கணும். எங்களுக்கு ரெண்டு வாரம் குடுத்தாங்க. டைம் கேட்டத யாரும் தப்பா எடுத்துக்கல.

சாரல்மழை

ஒரு தகவல் சொல்லிடறேன், உங்க எல்லாருக்கும் சொல்லலன்னா மனசு ஆறாது. பழைய கேஸ்ல இருந்த வக்கீலையே பிடிச்சோம். பதினஞ்சு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினான், அவர் மூணு எடத்துல கோடு போட்டு திருப்பி அனுப்பியிருக்கார், அதுல ஒண்ணு அந்த ஆட்சேபிக்க மாட்டேன்கற பக்கம். டெஸ்ட் மூணு வாரம் தள்ளிப் போயிருக்கு. தம்பி வக்கீல்கிட்ட தனியா ஒண்ணர மணி நேரம் பேசிட்டு எனக்கு போன் பண்ணான். "சொல்லிட்டேன்கா, அவர்கிட்ட சொல்லிட்டேன், தெரபிஸ்ட்கிட்டயும் சொல்லத்தான் போறேன், எப்படின்னு அவர் பாத்துட்டு சொல்றேன்னார்"னான். என்ன விஷயம்னு நான் கேக்கல. சாப்ட்டியான்னு மட்டும் கேட்டேன்.